சம்பளம் எங்க ஊரில், குடித்தனம் மட்டும் வேற ஊரிலா?



கொஞ்சம் நீளமான பதிவு. "பெல் அடிச்சிடுச்சு டீச்சர்" என்று பின் பெஞ்சிலிருந்து குரல் கொடுக்கிற பழக்கம் உள்ளவர்கள் இப்போதே எழுந்து போகலாம். மற்றவர்கள் உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரில் எங்கள் அக்கா வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து. சாப்பாட்டுப் பந்தியில் அக்கா மகன் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தான். நாலு பேர் காதில் விழுகிற மாதிரிக் கேட்டான். "சித்தி, இன்னுமா அந்தப் புகை ஊர்ல இருக்கீங்க? அதெல்லாம் மனுஷன் இருக்கிற ஊரா? வித்துட்டு இந்தப் பக்கம் வந்துடுங்க. அதுக்கு அந்தப் பக்கம் ஆந்திராதானே." பந்தியே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் வேறு காரணத்துக்காக. இந்தப் பிள்ளை பத்து வருஷமாக மேனேஜர் வேலை பார்ப்பது எங்கே தெரியுமா? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில்தான். காலையில் அண்ணா நகரிலிருந்து கார் வருகிறது, சாயங்காலம் கார் போகிறது. மனுஷன் இருக்க லாயக்கில்லாத அந்த ஊர்தான் மாசம் தவறாமல் இவனுக்குச் சோறு போடுகிறது.

பாயசம் வந்ததால் அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன். பெயர் போடவில்லை, படித்துவிட்டு அவனே கண்டுபிடித்துக் கோபித்துக்கொள்ளட்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன், டிப்ளமோ முடித்து இப்போது சிப்காட்டில் ஷிப்ட் சூப்பர்வைசர். பெண் குழந்தை யு.கே.ஜி. படிக்கிறது. மனைவிக்குச் சென்னை போக ஆசை. திருவொற்றியூரில் வீடு பார்த்திருக்கிறார்கள். மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்துவிட்டது, நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது. "நீங்களே சொல்லுங்க டீச்சர், போகலாமா வேணாமா?" என்று வீடு தேடி வந்து கேட்டான். வாசலில் நின்றபடி சொல்கிற பதில் இல்லை இது. யோசித்து எழுதுகிறேன் என்று அனுப்பி வைத்தேன்.

தம்பி, கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போடுகிறேன். இடது பக்கம் நம் ஊரில் இருப்பதால் வரும் கஷ்டம். வலது பக்கம் நன்மை. கஷ்டத்தை முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் வாட்ஸ்அப்பில் வருகிற "எங்க ஊரு சொர்க்கம்" வகைப் படங்கள் எனக்கு ஒவ்வாது. பொய் சொல்லி யாரையும் ஒரு ஊரில் உட்கார வைக்கக்கூடாது.

முதல் கஷ்டம் காற்று. இரும்பு உருக்கும் உலைகளும் கம்பி இழுக்கும் ஆலைகளும் எத்தனை என்று உனக்கே தெரியும். காலையில் மொட்டை மாடியில் கால் வைத்தால் பாதம் கறுப்பாகிறது. வடகம் காயப் போடுவதை நான் நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. ராத்திரிதான் புகை அதிகம். அதிகாரிகள் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு உலைக்கு ஏனோ உற்சாகம் வந்துவிடுகிறது.

இரண்டாவது, போக்குவரத்து. நம் மாவட்டம் 1997-இல் உருவானது. தலைநகர் திருவள்ளூர். என் பென்ஷன் வேலையாக அங்கே எத்தனை முறை போயிருப்பேன்! கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்கு ரயிலில் போக வேண்டுமானால் சென்னைக்குப் போய், வேறு ரயில் ஏறி, மறுபடி மேற்கே வரவேண்டும். ஒரே மாவட்டத்தில் இரண்டு ரயில் பாதை, இரண்டும் சென்னையில்தான் சந்திக்கின்றன. பஸ்ஸில் போனால் அரை நாள் போச்சு. நம் பாதையில் எக்ஸ்பிரஸ், சரக்கு, புறநகர் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக ஓடுகின்றன. 2024 அக்டோபர் 11 ராத்திரி கவரைப்பேட்டையில் நின்றுகொண்டிருந்த சரக்கு ரயிலில் பாக்மதி எக்ஸ்பிரஸ் மோதியதே, அதற்குப் பிறகு இந்தப் பக்கத்து ஜனங்கள் வேலைக்குப் போக என்ன பாடுபட்டார்கள் என்று பார்த்தோம்.

மூன்றாவது, வாய். சின்ன ஊரில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். என் மாணவி ஒருத்தி சின்ன வயதில் புருஷனை இழந்தாள். மறுமணம் செய்துகொண்டாள். தெருவில் அவளை நிம்மதியாக நடக்க விடவில்லை. புருஷனும் மனைவியுமாகச் சென்னை போய்விட்டார்கள். இன்னொருவன் அரசு வேலையில் இருப்பவன். எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு வீடு தரமாட்டேன் என்றார்கள். அவனும் போய்விட்டான். இந்த இரண்டு பேரையும் "ஊரிலேயே இரு" என்று சொல்ல எனக்கு அருகதை கிடையாது. பெரிய ஊரின் பெரிய நன்மை, பக்கத்து வீட்டுக்காரனுக்கு உன்னைத் தெரியாது என்பதுதான். சிலருக்கு அதுவே உயிர் மூச்சு.

நான்காவது கஷ்டத்தை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் என் பெரிய மகன் இதைப் படிப்பான்.

2018-இல் ஒரு ராத்திரி, மணி ஒன்றரை இருக்கும். எங்கள் வீட்டுக்காரர் நெஞ்சு எரிகிறது என்று எழுந்து உட்கார்ந்தார். வியர்த்துக் கொட்டியது. முதலில் கொண்டுபோன இடத்தில் இதய டாக்டர் இல்லை, ஒரு ஊசி போட்டு, "உடனே மெட்ராஸ் கொண்டு போங்க" என்றார்கள். 108 வந்தது. கவரைப்பேட்டை, தச்சூர், காரனோடை, செங்குன்றம் என்று ஒவ்வொரு போர்டாக நான் படித்துக்கொண்டே போனேன். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தவள், அன்றைக்குப் போர்டு படிப்பதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியவில்லை. மாதவரம் ரவுண்டானா தாண்டும்போது என் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்துவிட்டது.

"அப்பா மெட்ராஸ்ல இருந்திருந்தா பொழச்சிருப்பாரும்மா" என்று மகன் ஒரே ஒரு தடவை சொன்னான். பிறகு சொன்னதில்லை. ஆனால் வீட்டை விற்கச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அந்த வார்த்தைதான் பின்னால் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். அவன் சொல்வது சரியாக இருக்கலாம். ஒருவேளை பிழைத்திருப்பார். இதை மறுத்து நான் ஒரு வார்த்தை எழுதப் போவதில்லை.

இப்போது வலது பக்கம் வருவோம்.

உன் நேரம், தம்பி. திருவொற்றியூரிலிருந்து நம் ஊருக்கு ரயில். காத்திருப்பது, ஸ்டேஷனுக்கு நடப்பது எல்லாம் சேர்த்துப் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்று வை. நாளுக்கு 3 மணி நேரம். மாதம் 25 நாள் வேலை என்றால் 75 மணி. வருஷத்துக்கு 900 மணி. 24-ஆல் வகுத்துப் பார். முப்பத்தேழரை நாள். வருஷத்தில் ஒரு மாசத்துக்கு மேல், ராவும் பகலும், நீ ரயிலில் தொங்கிக்கொண்டிருப்பாய். உன் பெண் முதல் வகுப்பில் என்ன பாடம் படித்தது என்று கேட்க உனக்கு நேரம் இருக்காது. நீ இப்போது மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து போகிறாய். இந்தச் சொத்தின் மதிப்பு அதை இழந்த பிறகுதான் தெரியும்.

பணம். இங்கே நீ கொடுக்கிற வாடகையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அங்கே கேட்கிறார்கள் என்று நீயே சொன்னாய். அட்வான்ஸ் வேறு. அதோடு பழவேற்காட்டு இறாலும் மீனும் வாசலுக்கு வருகிற ஊர் இது. கொடுவா கிடைத்த அன்றைக்கு மீன்காரம்மா எனக்குப் போன் போட்டுவிட்டுத்தான் கூடையை இறக்குகிறார்.

தண்ணீர். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது நம் ஊரை இன்றைக்குக் கிண்டல் செய்கிற சொந்தங்கள் எல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் அழுக்குத் துணி மூட்டையோடு என் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். குளித்தார்கள், துவைத்தார்கள், இரண்டு குடம் பிடித்துக்கொண்டும் போனார்கள். அன்றைக்கு இது மனுஷன் இருக்கிற ஊராகத்தான் இருந்தது.

புகைக்குப் பயந்து திருவொற்றியூர் போகிறாயே, அதற்குப் பக்கத்தில் மணலி இருப்பதை யாரும் உனக்குச் சொல்லவில்லையா? நீ மாற்றுவது ஒரு புகையிலிருந்து இன்னொரு புகைக்கு.

சரி. இரண்டு பக்கமும் எழுதிவிட்டேன். கூட்டிக் கழித்தால் என்ன விடை என்று கேட்பாய். இங்கேதான் எனக்கு எல்லாரோடும் சண்டை.

எல்லாரும் இந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள்? "ஊரில் நல்ல ஆஸ்பத்திரி இல்லை, நல்ல பள்ளிக்கூடம் இல்லை, காற்று சரியில்லை. அதனால் போகிறோம்." நான் அதைத் திருப்பிப் போடச் சொல்கிறேன். நீங்கள் எல்லாரும் போனதால்தான் நல்ல ஆஸ்பத்திரி வரவில்லை, பள்ளிக்கூடம் தேறவில்லை, புகைக்குக் கேள்வி கேட்க ஆள் இல்லை.

யோசித்துப் பாருங்கள். சிப்காட்டில் முதலாளி எங்கே இருக்கிறார்? சென்னையில், அல்லது அதைவிடத் தூரத்தில். மேனேஜர், இன்ஜினியர், ஹெச்.ஆர். எங்கே? அண்ணா நகர், கொளத்தூர், மாதவரம். ஆபீஸ்களில் பெரிய நாற்காலியில் இருப்பவர்கள்? ஐந்தே முக்கால் ரயிலைப் பிடிக்க ஐந்து மணிக்கே பையை எடுத்துவிடுகிறார்கள். டாக்டர்களும் வாத்தியார்களும்கூட அப்படித்தான். என் கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் ரயிலில் வந்து ரயிலில் போனவர்கள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருவின் பெயர்கூடச் சிலருக்குத் தெரியாது. கோபித்துக்கொள்ளாதீர்கள் சக ஆசிரியர்களே, உண்மைதானே?

பிறகு இந்த ஊரில் ராத்திரி தூங்குவது யார்? எட்டுக்குப் பத்து ரூமில் ஆறு பேராகப் படுக்கிற பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள். அவர்களுக்கு ஓட்டு அவர்கள் சொந்த ஊரில். முப்பது வருஷத்துக்கு மேலாக முகாமில் இருக்கிற இலங்கைத் தமிழர்கள். என் வகுப்பில் நன்றாகப் படித்த பிள்ளைகளில் பலர் அந்த முகாமிலிருந்து வந்தவர்கள். இங்கேயே பிறந்த அவர்கள் பிள்ளைகளுக்கும் ஓட்டு இல்லை. மிச்சம் உள்ளூர் ஜனங்கள். கூலிக்கும் ஷிப்டுக்கும் போய் வரவே அவர்களுக்கு நேரம் சரியாக இருக்கிறது.

ஆக, இந்தப் புகையைச் சுவாசிப்பவர்களில் பலருக்கு இங்கே ஓட்டு இல்லை. கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள், மனு எழுதத் தெரிந்தவர்கள், கலெக்டர் ஆபீஸில் உட்காரச் சொல்லி நாற்காலி கொடுக்கப்படுகிறவர்கள் ராத்திரி இங்கே இல்லை. அப்புறம் யாருக்காக டாக்டர் ராத்திரி டியூட்டி பார்ப்பார்? எந்த மேனேஜருக்கு நடு ராத்திரி இங்கே நெஞ்சு வலித்தது?

திருவள்ளூரைப் பாருங்கள். அதுவும் சின்ன ஊர்தான். 2011 கணக்குப்படி ஐம்பத்தாறாயிரம் பேர். ஆனால் கோர்ட், கலெக்டர் ஆபீஸ், வக்கீல்கள், பென்ஷன்தாரர்கள், வியாபாரிகள் என்று குரல் உள்ளவர்கள் அங்கேயே குடியிருக்கிறார்கள். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறந்தபோது அதில் ஒன்று திருவள்ளூருக்குக் கிடைத்தது. தலைநகர் என்பதால் கிடைத்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைக் கேட்டு வாங்கவும், வந்த பிறகு "ஏன் இந்த வார்டில் ஃபேன் ஓடவில்லை" என்று சத்தம் போடவும் அங்கே ஆள் இருக்கிறது. நம் ஊரில் எத்தனை தொழிற்சாலை, எத்தனை கோடி உற்பத்தி! சத்தம் போட எத்தனை பேர்?

தண்ணீர்க் கதையும் இதேதான். சென்னையைச் சுற்றி இருக்கிற ஐந்து குடிநீர் ஏரிகளில் பூண்டி, சோழவரம், புழல், கண்ணன்கோட்டை-தேர்வாய்கண்டிகை என நான்கு நம் மாவட்டத்தில் இருக்கின்றன. கடைசியாகச் சொன்னது 2020-இல் திறந்தது, நம் தாலுகாவிலேயே. மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் கடல்நீரை நல்ல நீராக்கும் ஆலை 2010-இல் வந்தது. நாளுக்கு 10 கோடி லிட்டர், சென்னைக்கு. தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். தாகத்துக்கு ஊர் எல்லை கிடையாது. ஆனால் தண்ணீரும் இரும்பும் மின்சாரமும் வடக்கேயிருந்து போகவேண்டும், புகையும் சாம்பலும் வடக்கேயே நிற்கவேண்டும், கிண்டல் மட்டும் தெற்கேயிருந்து வரவேண்டும் என்றால் அது எந்த ஊர் நியாயம்?

"டீச்சர், உலகம் பூரா இப்படித்தான், சின்ன ஊர் என்றால் இப்படித்தான் இருக்கும்" என்று சொல்வீர்கள். இல்லை. இதற்கு இரண்டு உதாரணம் தருகிறேன், இரண்டும் அமெரிக்காவின் நடுப்பகுதி.

என் மாணவி ஒருத்தி இந்தியானா மாநிலத்தில் கொலம்பஸ் என்ற ஊரில் இருக்கிறாள். ஐம்பதாயிரம் பேர் இருக்கிற ஊர், நம் திருவள்ளூர் அளவு. பெரிய ஊர் என்றால் இந்தியானாபொலிஸ், காரில் ஒரு மணி நேரம். அவளும் புலம்புவாள்: பனி, தனிமை, நினைத்த நேரத்தில் ஒரு கட்டு முருங்கைக்கீரை கிடைக்காது. ஆனால் பள்ளிக்கூடக் கட்டடங்களைப் படம் எடுத்து அனுப்புவாள். பார்க்கக் கண் கோடி வேண்டும். அதற்கு ஒரு கதை இருக்கிறது. அங்கே கம்மின்ஸ் என்ற டீசல் இன்ஜின் கம்பெனி. அதை நடத்திய ஜே. இர்வின் மில்லர் அந்த ஊரில் பிறந்து, அங்கேயே வீடு கட்டி வாழ்ந்து, 2004-இல் அங்கேயே இறந்தவர். 1950-களில் அவர் ஊர்ப் பள்ளி நிர்வாகத்திடம், "நாட்டின் சிறந்த கட்டடக் கலைஞர்களில் ஒருவரை வைத்துக் கட்டுங்கள், அவர் கட்டணத்தை எங்கள் அறக்கட்டளை கொடுக்கும்" என்றார். 1957-இல் முதல் பள்ளி திறந்தது. பிறகு பள்ளிகள், தீயணைப்பு நிலையம் என்று வரிசையாக வந்தன. நல்ல இன்ஜினியர்கள் அந்தச் சின்ன ஊருக்குக் குடிவர வேண்டுமானால் ஊர் நன்றாக இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கம்பெனியின் தலைமையகம் இன்றைக்கும் அங்கேதான்.

இன்னொரு ஊர், இல்லினாய் மாநிலத்தின் பியோரியா. கேட்டர்பில்லர் கம்பெனி பல பத்தாண்டுகளாகத் தலைமையகம் வைத்திருந்த ஊர். அதே கம்பெனியின் தொழிற்சாலை ஒன்று நம் திருவள்ளூர் பக்கத்திலும் இருக்கிறது, அங்கே வேலை பார்க்கிற என் மாணவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். 2017-இல் தலைமையகத்தைச் சிகாகோ பக்கம் மாற்றப் போவதாக அறிவித்தார்கள். 2022-இல் அதையும் டெக்சாஸுக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். ஆலைகளும் தொழிலாளிகளும் பியோரியா பக்கம் இருக்கிறார்கள். முடிவு எடுக்கிறவர்களின் நாற்காலி வேறு ஊரில். நம் ஊர் பிறந்ததிலிருந்தே பியோரியாதான்.

அவ்வளவு தூரம் வேண்டாம். நம் ரயில் பாதையிலேயே வடக்கே போங்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிறவர்களுக்குச் சூலூர்பேட்டையிலேயே குடியிருப்பு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். தெற்கே கல்பாக்கத்திலும் அப்படித்தான், குடியிருப்பு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் சேர்த்து. விஞ்ஞானி சின்ன ஊரில் குடியிருக்கலாம், நம் மேனேஜருக்கு மட்டும் அண்ணா நகர் இல்லாவிட்டால் மூச்சு முட்டுமா?

அரசாங்கம் செய்யவேண்டியது இல்லையா என்று கேட்பீர்கள். நிச்சயமாக இருக்கிறது. புகையை அளந்து தண்டிப்பது அரசு வேலை, ராத்திரி டாக்டரை உட்கார வைப்பது அரசு வேலை. நான் யாரையும் விடுவிக்கவில்லை. ஆனால் அழுகிற பிள்ளைக்குத்தான் பால். அழத் தெரிந்த பிள்ளைகளை எல்லாம் சாயங்கால ரயிலில் ஏற்றி அனுப்பிவிட்டு, தொட்டில் ஏன் அமைதியாக இருக்கிறது என்று ஆச்சரியப்படக்கூடாது.

ஆகவே என் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் வீட்டுப்பாடம் இது.

ஒன்று. இங்கே சம்பளம் வாங்குகிறவர்கள், முடிந்தால் இங்கே குடியிருங்கள். முடியாதவர்கள் யார் என்று மேலே சொல்லிவிட்டேன். அவர்களைத் தவிர மற்றவர்களைத்தான் கேட்கிறேன்.

இரண்டு. இங்கே குடியிருப்பவர்கள் ஓட்டை இங்கே மாற்றுங்கள். சிப்காட்டைச் சுற்றி இருப்பதில் பல ஊராட்சிகள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு 6 கிராம சபை. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பாமல் உட்கார்ந்து புகையைப் பற்றித் தீர்மானம் போடச் சொல்லுங்கள்.

மூன்று. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. உங்கள் பிள்ளை படிக்கிற பள்ளியில் அதில் சேருங்கள். நான் வேலை பார்த்த காலத்தில் கூட்டத்துக்கு வந்தவர்கள் கூலி இழந்து வந்த அம்மாக்கள் மட்டும்தான். பேச பயப்படுவார்கள். நீங்கள் பேசுங்கள்.

நான்கு, இது மேனேஜர்களுக்கு. 2013 கம்பெனிச் சட்டப்படி, சட்டம் சொல்கிற அளவுக்கு மேல் வளர்ந்த கம்பெனிகள் மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொழில் நடக்கிற உள்ளூருக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்கிறது சட்டம். வாட்டர் பாட்டிலும் ஸ்கூல் பையும் கொடுத்து போட்டோ எடுப்பதை நிறுத்துங்கள். எல்லாக் கம்பெனியும் சேர்ந்து கேட்டால், ராத்திரி நெஞ்சு வலித்தால் பார்க்க ஓர் இடம் இந்த ஊருக்கு வரும். அது உங்கள் தொழிலாளிக்கும் வேண்டியதுதானே.

அக்கா மகனே, உன் பெயரை எழுதவில்லை. உன்னை இந்த ஊருக்குக் குடிவரச் சொல்லவும் இல்லை, உன் பிள்ளைகள் படிப்பு நடுவில் இருக்கிறது. ஆனால் உன் கம்பெனி உலை ராத்திரி எத்தனை மணிக்கு எப்படிப் புகைவிடுகிறது என்று ஒரே ஒரு ராத்திரி என் வீட்டில் தங்கிப் பார். சித்தி தோசை வார்த்துத் தருகிறேன். காலையில் வெறுங்காலோடு மொட்டை மாடிக்கு வா. அதற்கு அப்புறமும் உனக்குக் கிண்டல் வந்தால் செய்.

என் மகனுக்கு. வீட்டை விற்கப் போவதில்லை, கண்ணா. அப்பா அடைமானம் வைத்து, மீட்டு, மாடி எடுத்துக் கட்டிய வீடு என்பதற்காக மட்டும் இல்லை. நானும் போய்விட்டால், அந்த ராத்திரி என்ன நடந்தது என்று இந்த ஊரில் சொல்ல ஒரு ஆள் குறைந்துவிடும். வருகிற கிராம சபை எங்கே நடந்தாலும் அந்த ஊராட்சியில் இருக்கிற என் மாணவர்கள் யாராவது எனக்காக அதைச் சொல்வார்கள் என்று நம்புகிறேன். எனக்கு உடம்பு முடியாமல் போகிற நாளில் நீ வந்து கூட்டிப் போ, வரமாட்டேன் என்று அடம் பிடிக்க மாட்டேன். அதுவரை இரு.

கடைசியாக, சூப்பர்வைசர் தம்பிக்கு. உன் வீட்டில் மறுபடியும் பேசு. உன் மனைவி கேட்பது நியாயமான பயம், அதை அலட்சியம் செய்யாதே. என்னிடம் பேசச் சொல், அவளோடு உட்கார்ந்து இதே இரண்டு பக்கக் கணக்கை நானே போடுகிறேன். அதற்கு அப்புறமும் போவது என்று முடிவெடுத்தால் மனசார வாழ்த்தி அனுப்புவேன். இருப்பது என்று முடிவெடுத்தால் என் வீட்டு மாடி போர்ஷன் காலியாக இருக்கிறது. வாடகை நீ இப்போது கொடுப்பதே போதும். சாயங்காலம் பெண்ணைக் கீழே அனுப்பு, அ, ஆ-விலிருந்து ஆரம்பிக்கலாம்.

எதிர்க் கருத்து உள்ளவர்கள் கீழே தாராளமாக எழுதலாம். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதவும். இன்னமும் சிவப்பு மையில்தான் திருத்துவேன்.

அன்புடன்,
உங்கள் பழைய டீச்சர்,
கும்மிடிப்பூண்டி.